வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்பவர்

ஒரு காரியத்தைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, கையில் நோட்டும் காதில் பேனாவுமாக, மூன்றாவது இனம் ஒன்று நடமாடுகிறது. எதையும் தொடங்குவதற்கு முன் "வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்கும் இனம். நீச்சலோ, நடையோ, இந்தி வகுப்போ, எதுவானாலும் இவருடைய முதல் கேள்வி அதுதான். பல சமயங்களில் கடைசிக் கேள்வியும் அதுதான்.

இந்த இனத்தின் முற்றி விளைந்த மாதிரி ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமானால் பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டில் இறங்குங்கள். பெயர் மோகன்குமார். வயது நாற்பத்து நான்கு. ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை. அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்றும் அவருக்கு உண்டு: குப்பத்துச் சங்கத்தில் பாடு எழுதுவது. ஏரியில் இறால் ஓடும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் இறங்கமாட்டார். பதினெட்டு வருடமாக மோகன்குமார் எழுதிய பட்டியலில் ஒரு தகராறு வந்ததில்லை. இந்தப் பெருமை அவருடைய தோளில் துண்டு போலக் கிடந்தது.

அந்தத் தோளில்தான் போன தை மாதம் பொன்னேரி பஸ்ஸில் ஒரு இளவட்டம் கை வைத்தான். ஜன்னலோர சீட்டுக்காகத்தான். பலமாகத் தள்ளக்கூட இல்லை, லேசாக ஒரு அழுத்தம். மோகன்குமார் போய் உட்கார்ந்த இடம் ஒரு நண்டுக் கூடை. உயிருள்ள நண்டுகள். பஸ்ஸே சிரித்தது, நண்டுக்காரியும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஜமுனா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பெனிட்டா, மெத்தையில் ஆளைப் பிடித்து உருட்டி மடக்கும் ஜியு-ஜிட்சு வகுப்பு ஆரம்பித்தாள். சென்னையில் ஏழு வருடம் பழகி, பெல்ட் வாங்கி, ஊர் திரும்பிய பெண். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் வகுப்பு. கட்டடத்தை வகுப்புக்குக் கொடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவர் யார்? மோகன்குமார். பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் யாருடையது? மோகன்குமாருடையது. மெத்தையில் முதலில் கால் வைத்தவர்?

அவசரப்படாதீர்கள். இந்த இனம் அப்படியெல்லாம் கால் வைக்காது.

"மாஸ்டர், என் வயசுக்குப் புதுசா ஆரம்பிச்சா வாரத்துக்கு எத்தனை நாள்?"

"ரெண்டு நாள் போதும்ணே. மூணு வந்தா இன்னும் நல்லது. நடுவுல ஒரு நாள் ஒடம்புக்கு ஓய்வு குடுங்க."

"ரெண்டுன்னா செவ்வாயும் சனியுமா, வியாழனும் சனியுமா?"

"எதுனாலும் சரி. வுடாம வரணும், அவ்ளோதான்."

"ஓய்வு நாள்ல இன்னா பண்ணணும்?"

பெனிட்டா மெத்தையை உதறிக்கொண்டே சொன்னாள்: "ஓய்வு எடுக்கணும்ணே."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த இரண்டு மாதத்தில் அவர் செய்து முடித்தவை பல. வெள்ளை உடுப்பு வாங்கினார், அது பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் பத்திரமாக இருந்தது, வீடியோக்கள் பார்த்தார், அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூட்டுகள் எப்படி இருக்கும் என்று விசாரித்தார், நாலு வாரத் திட்டம் ஒன்று, எட்டு வாரத் திட்டம் ஒன்று, மழைக்காலத்துக்குத் தனித்திட்டம் ஒன்று எனப் பச்சை, சிவப்பு மையில் கட்டம் போட்டார். ஓய்வு நாட்களை மட்டும் அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இதே இரண்டு மாதத்தில் முத்தம்மாள் என்ன செய்தார் என்று பாருங்கள். ஐம்பத்திரண்டு வயது. ஏரித் தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்து, பையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவர். ஒருநாள் அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்தார், உள்ளே போனார், அப்புறம் வந்துகொண்டே இருந்தார். எத்தனை நாள் என்று அவருக்கே தெரியாது. ஏன் வருகிறீர்கள் என்றால், "வூட்ல இருந்தா டிவி பாக்கணும். இங்க வந்தா யாரையாவது கீழத் தள்ளலாம்" என்பார்.

பங்குனி கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் எல்லப்பன் ஒரு நிபந்தனை சொல்லியனுப்பினார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நேரில் வந்து தலையை எண்ணுவார். மாஸ்டர் நீங்கலாகப் பெரியவர்கள் ஆறு பேராவது மெத்தையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டடம் வலை போட்டு வைக்கப் போய்விடும். பெனிட்டா கவலைப்படவில்லை. பதிவேட்டில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஒருவர்தான் அன்றைக்குக் கதவோரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மெத்தைமேல் பதினொரு பேர் உருண்டதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. என்ன ஒழுங்கீனம்! இறால் ஓடும் இடத்தில் இப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தால் என்ன ஆகும்? அன்றிரவே மெத்தைக்குப் பாடு எழுதினார். வகுப்புக்கு இரண்டு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. தன் முறையை வெகு நியாயமாகச் சுற்றின் கடைசியில் போட்டுக்கொண்டு, வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

வேறு ஊராயிருந்தால் சிரித்துவிட்டு அழித்திருப்பார்கள். இந்த ஊரில் மோகன்குமார் எழுதினால் அது பாடு. செவ்வாய் இரண்டு பேர் வந்தார்கள். வியாழன் இரண்டு பேர். தலைவர் வரும் நாளில் எப்படியும் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று பெனிட்டா இருந்துவிட்டாள். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பெனிட்டாவின் போன் வந்தது.

"அண்ணே, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? ஆறு மணிக்குத் தலைவர் வராரு. முத்தம்மா அக்காவும் சாமும்தான் நிக்கிறாங்க. கூப்ட்டா எல்லாரும் 'என் பாடு இல்ல'ன்றாங்க. இந்த எடம் போச்சுன்னா எனக்கு வேற எடம் இல்லண்ணே."

கடைசி வாக்கியத்தை அவள் கத்திச் சொல்லவில்லை. மோகன்குமாருக்கு நண்டுக் கூடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே, வகுப்புக்கு வரும் பதினொரு பேரில் ஒருவனான விமலைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னைக்கி சாம் பாடு. நீதான எழுதின?"

"எழுதினவன்தாண்டா சொல்றேன், வாடா."

"நல்லா இருக்குதுண்ணே. நாளைக்கி ஏரில என் பாட்டுல சாம் வந்து வலை போட்டா நீ கேப்பியா?"

பதினெட்டு வருடப் பெருமை எவ்வளவு கனம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பாட்டுக்கு உரியவர் வாய் திறந்து கூப்பிட்டால்தான் மற்றவர் இறங்கலாம். அதுவும் அவரே பட்டியலின் அடியில் எழுதி வைத்த விதி. மூச்சிரைக்கப் போனை முத்தம்மாளிடம் நீட்டினார்.

"இன்னாபா இது கூத்து" என்றார் முத்தம்மாள். பிறகு போனுக்குள், "டேய் விமலு, எம் பாட்டுல நான் கூப்புடறேன். பக்கத்துல கீறவங்களையும் இட்டுக்கினு வா."

மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லப்பன் நாற்காலியில் சாய்ந்து விரலை நீட்டி எண்ணினார். "அஞ்சு." திரும்ப எண்ணினார். மறுபடியும் அஞ்சுதான். வாசலில் நோட்டோடு நின்றவரைப் பார்த்தார்.

"நீ இன்னாபா, மொத பேரு உன்னுதுதான?"

"எனக்கு இன்னைக்கு ஓய்வு நாளுண்ணே" என்றார் மோகன்குமார். சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது. பெனிட்டா மெத்தையின் ஓரத்தை மடக்கத் தொடங்கியிருந்தாள்.

செருப்பைக் கழற்றினார். பேண்ட்டும் சட்டையுமாக, காதில் பேனாவோடு, மெத்தையில் கால் வைத்தார். முத்தம்மாள் அந்தப் பேனாவை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டைக் காலரைப் பிடித்தார். சேற்றுக்குள் இறாலைப் பார்க்காமலே பிடிக்கிற விரல்கள் அவை. அப்புறம் நடந்ததை மோகன்குமாரால் வரிசைப்படி சொல்ல முடியாது. கூரை தெரிந்தது. பிறகு முத்தம்மாளின் தோள் தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை.

"தட்டுங்கண்ணே" என்றாள் பெனிட்டா. "தட்டினா வுட்ருவாங்க."

தட்டினார்.

"ஆறு" என்றார் எல்லப்பன்.

மல்லாந்து கிடந்தபடியே, மூச்சு திரும்பியதும், மோகன்குமார் கேட்டார்: "அக்கா, இந்த மாதிரி வாரத்துக்கு எத்தனை நாள்…"

"செவ்வாக்கெழம வா" என்றார் முத்தம்மாள்.

அழகாகக் கட்டம் போட்ட நோட்டுகள் ஆளைவிட அதிக நாள் இருக்கும். ஒருவர் செத்துப்போன பிறகு அவருடைய மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். கட்டங்கள் காலியாக இருக்கும். கையெழுத்து மட்டும் அச்சு அசலாக அவருடையதாகவே இருக்கும்.

அது போகட்டும். மோகன்குமார் செவ்வாய்க்கிழமை போனார். கழுத்தைத் திருப்ப முடியாமல், பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து, போனார். ஜமுனா வாசலில் நின்று பார்த்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

சரி, அதற்குப் பிறகு வாரத்துக்கு எத்தனை நாள் போகிறார் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறதா?

தோன்றினால் காதைத் தடவிப் பாருங்கள். பேனா இருக்கும்.