பெரியநாயகம் இல்லாமல் ஒரு ரிப்பேர்

ஜெப்சன் கிளட்சை மிதித்தான். பெடல் தரைக்குப் போனது, திரும்பி வரவில்லை. கால் விரலை அடியில் கொடுத்து அதைத் தூக்கிவிட்டு மறுபடி மிதித்தான். மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டது.

இறங்கிக் குனிந்து பார்த்தான். கிளட்சுக்கு ஆயில் போகும் ரப்பர் பைப் வெடித்திருந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்த ஆயில் மழைத் தண்ணீரோடு கலந்து வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். பெரியநாயகம் அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருப்பான். ஜெப்சன் ஓட்டும் பங்குக் கோயில் சவ வண்டியை இருபது வருஷமாகச் சாகாமல் காப்பாற்றி வந்த மெக்கானிக் அவர்தான். வண்டியை அவரிடம் விட்டால் மறுநாள் சாயங்காலம் புத்தம் புதிதாக வந்து நிற்கும்.

ஆனால் இன்று மூன்று மணிக்கு நாகலூரிலிருந்து ஏற்காடு கல்லறைக்கு இந்த வண்டியில் போக வேண்டியவரே பெரியநாயகம்தான்.

"ஏனுங்க, வேற வண்டி சொல்லிரலாமுங்களே?" என்றாள் மனைவி சாரா.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? அவரு உசுரக் குடுத்துப் பாத்த வண்டி, அதுலதான் போகோணுமின்னு ஊரே சொல்லிப்போடுச்சு. நானும் மண்டைய மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

சேலத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவனுக்குப் போன் செய்தான். "ரெண்டு வண்டி பிரிச்சுக் கெடக்குதுங்க. நாளைக்கு வேணா வாரேன்" என்றான் அவன். நாளைக்கு வந்து என்ன பண்ண? ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் மனது வைத்து, புதுப் பைப்பையும் ஒரு டப்பா ஆயிலையும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். போனில் செய்முறையும் சொன்னார். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

ஸ்பேனர் இல்லை. பைக்கில் நாகலூருக்கு, பெரியநாயகத்தின் வீட்டுக்குப் போனான்.

பெரியநாயகம் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். தலைமாட்டில் அவர் மனைவி ஜெயமேரி அக்கா. ஜெப்சன் அருகில் போய்க் குந்தி, விஷயத்தைச் சொல்லி, அண்ணனின் ஷெட் சாவியைக் கேட்டான்.

"நீயா மாட்டப்போற?" என்றாள் அவள்.

"வேற வழியில்லீங்கக்கா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செம்மநத்தத்து உறவுக்காரர்கள் கதறிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டார்கள். சாவியை அவன் கையில் திணித்துவிட்டு அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஷெட்டில் ஸ்பேனர்கள் வரிசை குலையாமல், ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னின. ஜெப்சன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். இத்தனை வருஷம் உழைத்த சாமான்களை மனுஷர் எப்படி வைத்திருக்கிறார்! அந்தக் கை தொட்டதைத் தன் கை தொடலாமா என்றுகூட இருந்தது. தொட்டான்.

வீட்டு வாசலில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தபோது மணி பதினொன்று. மூடுபனி இறங்கி எதிர்வீட்டை மறைத்திருந்தது. சாக்கு ஐந்தே நிமிஷத்தில் நனைந்தது. பைப்பின் நட்டு அசையவில்லை. சற்றுப் பெரிய ஸ்பேனரைப் போட்டு இழுத்தான். நட்டு, மூலைகள் மழுங்கி உருண்டையானது. பிளேயரால் கவ்வித் திருகினான். அது பிடிவாதமாக இருந்துவிட்டுத் திடீரென்று கழன்றது. மிச்சமிருந்த ஆயில் முழுவதும் அவன் முகத்தில் கொட்டியது.

"சாரா! தண்ணி! கண்ணு எரியுது!"

அவள் பதறி ஓடிவந்த வேகத்தில், பானெட் மேல் திறந்து வைத்திருந்த புது டப்பாவைத் தட்டிவிட்டாள். பாதி ஆயில் முன்பக்கமாக வழிந்தது. அவன் கண்ணைக் கழுவி முடித்த பிறகுதான் துணியை எடுத்து அதைத் துடைத்தாள். ஆயிலில் ஊறிய பெயிண்டும் துணியோடு உரிந்து வந்தது.

பானெட்டின் முகப்பில் 'பரலோகப் பயணம்' என்று எழுதியிருந்தது. இப்போது 'லோகப் பயணம்' மட்டும் இருந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றாள் சாரா, தனக்கே நம்பிக்கையில்லாமல்.

போன் அடித்தது. நாகலூரிலிருந்து.

"கெளம்பிட்டயா ஜெப்சன்?"

"வந்துக்கிட்டே இருக்கறனுங்க."

மழுங்கிய நட்டோடு மல்லுக்கட்டிப் புதுப் பைப்பை மாட்டி முடிக்க ஒன்றரை ஆனது. இனி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை அமுக்க, இன்னொருவர் கீழே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். சாரா துக்க வீட்டுக்குக் கட்டியிருந்த வெள்ளைச் சேலையோடு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டனுங்க."

"புடிச்சுக்க. சரி, உடு!"

ஒன்றும் வரவில்லை. பத்துத் தடவை, இருபது தடவை. காற்றும் வரவில்லை, ஆயிலும் வரவில்லை. பெரியநாயகம் கால் மணி நேரத்தில் முடித்திருப்பார் என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை முட்டியது. நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

"நல்லா அமுக்கறயா?"

"காலு கழண்டுபோற மாதிரி அமுக்கறனுங்க."

சந்தேகப்பட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தான்.

"எதை அமுக்கற?"

"நடுவுல இருக்கறதைத்தான்."

"அது பிரேக்கு!"

"எதுன்னு நீங்க சொன்னீங்களா?" என்றாள் சாரா. அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

இரண்டே முக்காலுக்குப் பெடல் பாதி தூரம் எழுந்து நின்றது. அதற்கு மேல் எழவில்லை. அப்படியே கிளம்பினான்.

நாகலூரில் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு கல்லறைக்குப் போன அந்தப் பயணத்தை அவன் சாகும்வரை மறக்க மாட்டான். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி நறநறவென்று பல்லைக் கடித்தது. இரண்டாவது வளைவில் அது எகிறிக் குதிக்க, பெட்டி பின்னால் சறுக்கிக் கதவில் டொம் என்று மோதியது. கூட இருந்த பெண்கள் "ஐயோ, மாதாவே!" என்று அலறினார்கள். ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது. குடைகளை மடக்கிக்கொண்டு எட்டு ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள்.

"அவரு கை போச்சு, வண்டியும் போச்சு" என்று ஒருவர் மூச்சிரைக்கச் சொன்னது ஜன்னல் வழியாக அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

கல்லறை வாசலை அடையும்போது மணி நாலரை. பாதிரியார் நனைந்தபடி நின்றிருந்தார். வண்டியின் முகப்பைப் படித்தார், அவனைப் பார்த்தார், ஜெபத்தைத் தொடங்கினார்.

அடக்கம் முடிந்தது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஜெப்சனிடம் யாரும் பேசவில்லை. அவன் ஆயில் படிந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஜெயமேரி அக்காவிடம் போனான்.

"அக்கா, மன்னிச்சுருங்க. அண்ணன் கை வெச்ச வண்டிய நாசம் பண்ணிப்போட்டேன். கடைசி நாள்ல அவரை இந்தக் குலுக்குக் குலுக்கிக் கொண்டாந்துட்டேன். அவரு இருந்து பாத்திருந்தா என்னைய மன்னிக்கவே மாட்டாரு." அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டான்.

ஜெயமேரி சுற்றுமுற்றும் பார்த்தாள். குடையை அவன் பக்கம் சாய்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அழுவாத சாமி. அவரு எப்பவும் வண்டியச் சேலத்துல ஒர்க்‌ஷாப்புக்காரங்ககிட்டக் குடுத்துத்தான் செஞ்சுக்கிட்டு வருவாரு. இருவது வருசத்துல அந்த வண்டிய மலை மேல வெச்சே பிரிச்சு மாட்டுன மொத மெக்கானிக்கு நீதான்."