கோல் தடுத்த ஆடு

"நம்ம டீமுக்கு ஏன்யா ஆடுன்னு பேரு?"

புதிதாக வந்த விளையாட்டுத்துறை டைரக்டர் ஸ்ரீனிவாசன் கேட்டதும், பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மைதான வேலையாள் ஜெபசீலன் கையை நிறுத்தினான். ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்துத் தனியார் பல்கலைக்கழகம் அது. மற்ற கல்லூரி அணிகளெல்லாம் பருந்து, சிறுத்தை என்று மிரட்ட, இவர்கள் மட்டும் 'மலை ஆடுகள்'. சட்டை முதுகில் ஓர் ஆடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும்.

"தெரியாது சார். நான் வரும்போதே ஆடுதான்."

"வியாழக்கிழமை நிறுவனர் வர்றார். பேர் வந்த கதையை மேடையில சொல்லி அசத்தணும். இங்கே பழைய ஆள் நீதான், கண்டுபிடி. அதுவரைக்கும் உன் லீவு மாஃபி, கிடையாது!"

ஜெபசீலன் காலண்டரைப் பார்த்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை குளச்சலில் அவன் மகள் ரினிக்கு முதல் நன்மை; தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

"வெள்ளை உடுப்பு தச்சாச்சு," என்றாள் மனைவி ஷாஜினி போனில். "அப்பா வராம நன்மை வாங்க மாட்டேன்னு பிள்ளை ஒத்தக்கால்ல நிக்கா. வருவீங்களா, மாட்டீங்களா?"

"வருவேன்டி."

கேட்காத ஆளில்லை, ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள், பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஜெபசீலன் டைரக்டர் முன்னால் வாயைத் திறந்தான்.

"மொத மேட்சு சார். தோக்கப் போற நேரம். மலையிலேருந்து ஒரு ஆடு எறங்கி வந்து நம்ம கோல் முன்னால நின்னுச்சு. எதிராளி அடிச்ச பந்து அது வயித்துல பட்டுத் திரும்பிடுச்சு. ஜெயிச்சோம்."

ஸ்ரீனிவாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரமாதம்! அந்த ஆடு எங்கே?"

"செத்துப்போச்சு சார்."

"அடடா! பிள்ளை குட்டி?"

அதற்கும் இல்லையென்று சொல்லியிருக்கலாம். "பேரன் இருக்கு சார்," என்று வந்துவிட்டது.

"யல்லா! கூட்டிட்டு வா!"

ஊரே 'காக்கா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கறிக்கடை சதக்கத்துல்லா சந்தையிலிருந்து வந்த ஆடுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"காக்கா, வாடகைக்கு ஒரு ஆடு வேணும். சாயங்காலம் திருப்பித் தந்துருவேன்."

"கறிக்கடையில வாங்கின ஆட்டை உசிரோட திருப்பித் தாறேன்னு சொன்ன மொத ஆளு நீதான் வாப்பா!"

அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, அவன் சட்டை முதுகையே அவர் பார்த்தார். "இந்த ஆட்டுச் சிரிப்பை எங்கேயோ பாத்திருக்கேனே..."

"ஆடெல்லாம் ஒண்ணுபோலத்தான் காக்கா."

விழாவில் பேரன் முதலில் கோல் வலையை மென்றது. பிறகு நிறுவனருக்கு வைத்திருந்த பூங்கொத்து. ஸ்ரீனிவாசன் வியர்க்க வியர்க்கக் கதையைச் சொல்லி முடித்தார். நிறுவனரான வயதான அரபி எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"நான் அங்கே இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். இதே முகம்!"

கைத்தட்டல் மலையில் மோதித் திரும்பியது. ஜெபசீலனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நடந்தேதான் இருக்குமோ?

ஆடு இனி இங்கேயே வாழும் என்று அறிவித்தார் பெரியவர்.

"அடிச்சுதுய்யா யோகம்!" என்றார் ஸ்ரீனிவாசன். "இனிமே பேரனுக்கு நீதான் தாத்தா. இதை விட்டுட்டு எப்படி லீவுல போவே? லீவு கலாஸ், முடிஞ்சுது!"

மைதான ஓரத்தில் கயிறும் கையுமாக உட்கார்ந்துவிட்டான் ஜெபசீலன். ஷாஜினிக்கு என்ன சொல்ல? ஆடு ஆறுதலாக அவன் சட்டைக் காலரைத் தின்றது.

நிறுவனரின் டிரைவர் கலீலுர் ரஹ்மான் ஓடி வந்தான்.

"அண்ணே, திருவனந்தபுரத்துக்கு டிக்கெட். இன்னைக்கே கெளம்பணும். பெரியவர் டைரக்டர்கிட்ட பேசிட்டார். ஆட்டை நான் பாத்துக்கறேன், காக்காகிட்டயும் பேசிக்கறேன்."

"எனக்கா? எதுக்கு பாய்?"

"நாளைக்குப் பேப்பர்காரங்க வர்றாங்க. உங்க வாயைக் கிளறினா உண்மையைக் கக்கிருவீங்கன்னு அவருக்குப் பயம்."

"அப்ப... கதை பொய்யின்னு அவருக்குத் தெரியுமா?"

கலீல் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"தெரியாம என்ன? மொத மேட்சுக்குச் சட்டை தைக்கச் சொல்ல மறந்துட்டு, காக்கா கறிக்கடை கிரிக்கெட் டீமுக்கு ஆட்டுப் படம் போட்டுத் தச்சு வெச்சிருந்ததை டெய்லர்கிட்டேருந்து அள்ளிட்டு வந்ததே நானும் பெரியவருந்தானே!"