பாகற்காய் சாப்பிட்டவங்க

இனிப் பாகற்காயைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். ராசாத்தாள் பக்கத்தில் இருந்தாள்.

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் மதியம் ஒரு கிண்ணம் பாகற்காய். உப்பில்லை, காரமில்லை, வெறும் தண்ணீரில் வெந்தது. என் மனைவியின் மேல் எனக்குக் கொள்ளை அன்பு. அந்தக் கிண்ணத்தின் மேல் கிடையாது. ஆனால் ஈரோட்டில் என் தங்கை மகள் கல்யாணம் வந்துகொண்டிருந்தது. விருந்தில் ஒரு லட்டாவது உண்டா என்று பயந்து பயந்து கேட்டேன்.

"பாவக்காய ஒழுங்கா சாப்புட்டவங்களுக்கு லட்டு உண்டுங்க" என்றாள்.

அப்போதுதான் கண்ணாடித் தொட்டி கண்ணில் பட்டது. மீன்கள் செத்த பிறகு அதில் மண் கொட்டிப் பாசியும் பெரணியும் வளர்க்கிறேன். உள்ளே குப்பை சேராமலிருக்க, பக்கத்து வீட்டு விலங்கியல் வாத்தியார் சாமுவேல் இரண்டு வகைப் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஒன்று, தொட்டால் மிளகு மாதிரி சுருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சி. சருகு, காய்த்தோல் எது போட்டாலும் தின்னும். மற்றது, ஊதினால் துள்ளும் வெள்ளைப் பொடிப்பூச்சி. மிச்சத்தில் பூஞ்சணம் பிடித்தால் அதைத் தின்னும். நான் சூப்பர்வைசராக இருக்கும் மில்லில் இப்படி இரண்டு ஆள் கிடைத்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

ராசாத்தாள் மோர் எடுக்க உள்ளே போவாள். கிண்ணம் தொட்டிக்குள் கவிழும்.

"ஏனுங்க, சாப்புட்டாச்சுங்களா?"

"ஆச்சு" என்பேன். யார் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது.

ஒருநாள் அவள் மதில் ஓரம் நின்று சாமுவேலின் மனைவியிடம் பேசுவது காதில் விழுந்தது. "பாவக்காய அப்புடி சாப்புடறாங்க அக்கா. மேலெல்லாம் மினுமினுன்னு ஆயிப்போச்சு. குடும்பமும் பெருகிப்போச்சுங்க."

புருஷனைப் பற்றி முதுகுக்குப் பின்னாலும் 'ங்க' போட்டுப் பேசுகிற மனைவி யாருக்குக் கிடைப்பாள்? நெகிழ்ந்துபோனேன். கண்ணாடியில் பார்த்தேன், கொஞ்சம் மினுமினுப்பு தெரியத்தான் செய்தது. எங்களுக்கு ஒரே மகன், அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் எங்கே பெருகியது என்றுதான் புரியவில்லை. அவள் கணக்கில் எப்போதும் கொஞ்சம் வீக்.

கல்யாணப் பந்தியில் என் இலைக்கு லட்டு வந்தது. முழு முந்திரி வைத்த லட்டு. கை நீட்டுவதற்குள் ராசாத்தாள் அதை எடுத்துத் தாம்பூலப் பைக்குள் போட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறேன் என்றாள். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் வரை பஸ்ஸில் அந்தப் பையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். நெய் வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் லட்டை எடுத்தாள். நேராகத் தொட்டிக்குப் போனாள். ஒரு துண்டு பிட்டு உள்ளே உதிர்த்தாள்.

"ராசாத்தா, அது எனக்குத்தானே?"

"பாவக்காய் சாப்புட்டவங்களுக்குன்னுதானுங்க சொன்னேன்."

பாசிமேல் கிடந்ததை விரலால் காட்டினாள். வரிசையாகப் பாகற்காய்க் கொட்டைகள். அதை மட்டும் அந்தப் பாவிகள் தொடவே இல்லை.

மீதி லட்டு, முந்திரியோடு, அவள் வாய்க்குள் போனது. சாம்பல் பூச்சிகள் குடும்பம் குடும்பமாக வந்தன. நான் தொட்டி ஓரமே நின்றேன்.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "சாப்புடறவங்களுக்குக் கண்ணு பட்டுப்போயிரும்."