ஹெர்ட்ஸ் அண்ணன் தவழ்ந்த ஹால்

ஓசூரில் ஹெர்ட்ஸ் அண்ணன் தவழாத ஹாலே கிடையாது. தவழ்வது என்றால் நிஜமாகவே தவழ்வது. இரண்டு கை, இரண்டு முட்டி, தரையோடு காது. வயது ஐம்பத்திரண்டு.

கார் பாகங்கள் அடிக்கும் எங்கள் கம்பெனியில் அவர் தகடு அடிக்கும் ப்ரெஸ் மெஷின் ஆபரேட்டர், நான் ஸ்டோர்ஸ். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் செக்யூரிட்டிக்கே தெரியாது. சத்தத்தை எப்போதும் ஹெர்ட்ஸ் கணக்கிலேயே பேசுவதால் எல்லோருக்கும் ஹெர்ட்ஸ் அண்ணன். யார் வீட்டில் ஹோம் தியேட்டர் வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை போய் செட் பண்ணிக் கொடுப்பார். கூலி ஒரு டீ.

நானும் ஒன்று வாங்கினேன். இரண்டு குட்டி ஸ்பீக்கர், பாஸ் என்னும் அடிச்சத்தத்துக்கென்று ஒரு சப்வூஃபர் பெட்டி. மாட்டிய நாள் முதல் ஒரு தொல்லை. செய்தி வாசிப்பவர் டிவியில் இருக்கிறார், அவர் குரல் பாதி சோபாவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. "வீட்ல பேய் பூந்த மாதிரி இருக்குதுண்ணா" என்று கேன்டீனில் ஹெர்ட்ஸ் அண்ணனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை வாசலில் நின்றார்.

உள்ளே வந்ததும் சப்வூஃபரை சோபாவுக்குப் பின்மூலையிலிருந்து தூக்கி, சோபாவில் நான் தினமும் உட்காரும் இடத்தில் அதை உட்கார வைத்தார். பாட்டைப் போட்டார். தவழ ஆரம்பித்தார்.

"என்னண்ணா பண்றீங்க?"

அவர் பாட்டுக்குச் சுவரோரமாகத் தவழ்ந்து போனார்.

அந்த நேரம் பார்த்து, சந்தைக்குப் போயிருந்த என் மனைவி உள்ளே நுழைந்தாள். சோபாவில் ஒரு கறுப்புப் பெட்டி, தரையில் யாரோ ஒரு ஆள். அவள் போட்ட அலறலில் பை நழுவி வெங்காயம் ஹால் முழுக்க உருண்டது. கீழ்வீட்டு ஓனரம்மா "ஏனாய்த்து ரீ? ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சோ என்று கன்னடத்தில் பதறிக்கொண்டு படியேறி ஓடி வந்தார். ஹெர்ட்ஸ் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே வந்த வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு முன்னேறி, டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தவழ்வதை நிறுத்தினார்.

"இங்கதான்! இந்த எடத்துலதான் பாஸ் ரவுண்டா வருது! பெட்டிய இங்க வெச்சா, சோபால உக்காந்தா இதே மாதிரி கேக்கும்!"

அப்புறம்தான் நிமிர்ந்தார். "வாங்கம்மா, எப்ப வந்தீங்க?"

பெட்டியை அந்த இடத்துக்கு மாற்றியவர், பின்பக்கம் இருந்த கிராஸ்ஓவர் குமிழைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நூத்தம்பது ஹெர்ட்ஸ்ல வெச்சிருக்கியே தம்பி! அதுக்குக் கீழ வர்ற சத்தமெல்லாம் இந்தப் பெட்டிக்குப் போயிரும். ஆம்பள கொரல் பாதி இங்க வந்து உக்காந்துக்குது. அதான் உன் பேயி."

திருகிக் குறைத்தார். அறுபதில் தபேலா மெலிந்தது. "இப்ப நடுவுல ஓட்ட. சின்ன ஸ்பீக்கரு அவ்ளோ கீழ எறங்காது." ஒரு உள்ளங்கையை ஸ்பீக்கர் மேலும் மற்றதை சப்வூஃபர் மேலும் வைத்துக் கண்ணை மூடினார். கையை எடுப்பார், திருகுவார், மறுபடி வைப்பார். தொண்ணூறில் நிறுத்தினார். நான் செய்தியைப் போட்டேன். செய்தி வாசிப்பவர் டிவிக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டார். ஓனரம்மா கைதட்டினார்.

அடுத்த மாதம் கம்பெனியில் மருத்துவ முகாம். காது சோதனையில் அவர் எனக்கு முன்னால். ஹெட்போனை மாட்டிய பெண், "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க சார்" என்றாள். முதலில் சில தடவை தூக்கினார். அப்புறம் கை மடியிலேயே கிடந்தது. மெஷின் கெட்டுவிட்டதோ என்று அவள் கழற்றிப் பார்த்தாள். தள்ளி நின்ற எனக்கே 'கீ' என்று கேட்டது. மறுபடி மாட்டினாள். கை எழவில்லை.

"கீழ் ஸ்தாயில இருக்கற சத்தம் மட்டுந்தான் கேக்குது. மேல் ஸ்தாயி எல்லாமே போயிருச்சு. ப்ரெஸ் சத்தத்துல எத்தன வருஷம் சார்?"

அவருக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. "இருபத்தாறு" என்று நான்தான் சொன்னேன். என் மனைவி அலறியது இவர் காதில் விழவே இல்லை! இத்தனை வருஷமும் எங்கள் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார்!

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லிராத தம்பி. செவுட்டுப்பயல ஸ்பீக்கர் கிட்ட யாரு உடுவாங்க? எனக்கு அந்த டம்டம் ஒண்ணுதான் மிச்சம். அதத் தேடித்தான் ஊடு ஊடா வர்றேன்."

மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. முகாம் ரிப்போர்ட்டைப் பார்த்த கம்பெனி அவரைச் சத்தமில்லாத பேக்கிங்குக்கு மாற்றி, காதுக்கு ஒரு மெஷினும் கொடுத்தது. இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. காதுலயே மெஷின் தொங்குது, இனி மறைக்க என்ன இருக்கு? ஆனா தொண்ணூறுன்னு கரெக்டா போடு" என்றார்.

இப்போதெல்லாம் அவர் வந்தால், என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வருகிறாள். அவர் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாக, "டீ போடட்டுமாண்ணா?" என்று கேட்கிறாள்.