ஐம்பத்தொன்றில் நின்ற ஊர்வலம்

"வக்கீலுக்குப் படிக்கப் போறாளாம்! இவ பேச்ச எவன் கேக்கப்போறான்?"

நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த அன்று என் தாய்மாமா சொன்னது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. (கொஞ்சம் என்பது தன்னடக்கம்.) ஊரே கேட்கும்படி ஒருநாள் பேசிக்காட்டுகிறேன் என்று சபதம் போட்டேன். ஊர் கேட்டது. அதுதான் வினை.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் காப்புரிமைச் சட்டம், ஐம்பத்தொன்றாம் பிரிவு. அனுமதியில்லாமல் நகலெடுத்தால் மீறல், சிறைகூட உண்டு. மணி அடித்துவிட்டது. "அம்பத்திரண்டு திங்கட்கிழமை" என்றார் பேராசிரியை. நான் பொன்னமராவதிக்கு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை மாமா மகளுக்குக் கல்யாணம்.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். மாமா தன் குட்டியானை வண்டியில் கேட்பதற்காக, காசு கொடுத்து வாங்கிய சிடிகளிலிருந்து பாட்டுகளை ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். அதைப் பெருமையாக மைக்செட் செல்லையா அண்ணனிடம் நீட்டினார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "மாமா, இது திருட்டு நகல்!"

"நான் காசு குடுத்து வாங்குன பாட்டுதான் ஆத்தா."

"சொந்தத்துக்குக் காப்பி போட்டாலும் குத்தம் மாமா. மூணு வருசம் ஜெயில்!"

மாமாவுக்குக் கோபம் வந்தது. செல்லையா அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. "ஆத்தா, எங்கிட்ட ஆயிரக்கணக்குல பாட்டு கெடக்கே..." என்றவர், பாட்டுக்கு மூன்று வருஷம் என்று கணக்குப் போட்டிருப்பார் போல. ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் கூடவே போயின.

அலங்கரித்த காரில் மாப்பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருந்தார். "இது கல்யாண வீடா, எழவு வீடா? வண்டியத் திருப்புங்கப்பா!" என்றார் அவர் அப்பா.

மாமா முகம் வெளுத்துப்போனது. அப்போதுதான் என் அம்மா குலவை போட்டாள். அயித்தை சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லாப் பெண்களும். செல்போன் வெளிச்சத்தில், குலவையிலேயே ஊர்வலம் மண்டபம் சேர்ந்தது. மறுநாள் தாலி கட்டும்போது குலவை போட ஒருத்திக்கும் தொண்டை இல்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவே முயன்று பார்த்தார்.

திங்கட்கிழமை ஐம்பத்திரண்டாம் பிரிவு வந்தது. எல்லாம் விதிவிலக்குகள். தொடக்கத்திலேயே, சொந்த உபயோகத்துக்கு நியாயமாகப் பயன்படுத்தினால் மீறல் ஆகாது என்றிருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். கல்யாணத்தில் பாட்டுப் போட்டாலும் மீறல் ஆகாதாம். ஊர்வலம் என்றே அச்சடித்திருந்தார்கள்!

மாமாவுக்கு போன் போட்டு முழுதும் வாசித்துக் காட்டினேன்.

"இத சனிக்கிழமையே படிச்சிருந்தா ஒனக்கு என்ன ஆத்தா?" என்றார். பிறகு, "ஆனா ஒன் பேச்சுக்கு ஒரு ஊர்வலமே நின்னுச்சு புள்ள" என்றார். (அந்த அழைப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்குத்தான்.)

இன்றும் வீட்டு விசேஷங்களில் என் பெயர் 'அம்பத்தொண்ணு'. சுவிட்சைத் தொடுமுன் செல்லையா அண்ணன், "என்ன அம்பத்தொண்ணு, போடலாமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

படிப்பு முடிந்து, வழக்கறிஞராகப் பதிவும் செய்தாகிவிட்டது. அவருடைய மைக்செட் கடை மாடியில்தான் அறை பிடித்திருக்கிறேன். பெயர்ப்பலகையை நேற்று மாட்டினோம். ஆணி அடித்தது மாமா.