மூலையில் இரையும் மெஷின் விஷயமாகச் சம்பந்திக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே ஆபரேஷனில் வைத்த உங்கள் புது முழங்கால் மூட்டும், அதைத் திட்டிக்கொண்டே கவனித்துக்கொள்ளும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று ஜாதகத்தை உங்களையே படிக்கச் சொன்னேன். நீங்கள் சட்டைப் பையெல்லாம் துழாவிக் கண்ணாடியைத் தேடினீர்கள், அது உங்கள் நெற்றியில் இருந்தது. ஆகவே நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள்தான் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் விடக்கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறேன்.

ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதை மகளுக்குக் காட்டக் காத்திருக்கிறீர்கள், அவளோ இரண்டு தடவை பெட்டி கட்டி இரண்டு தடவையும் பிரித்துவிட்டாள் என்று போனில் குறைப்பட்டுக்கொண்டீர்கள். "அப்படி என்னங்க வேலை அவளுக்கு?" என்றும் கேட்டீர்கள். நானும் அதையேதான் அவளிடம் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து வரும் சங்கதியெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக வருமாம். அதை வாசலில் வாங்கி உள்ளே சேர்க்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். வண்டி ஓட்டுகிறவர் என்று நினைக்க வேண்டாம், அந்தத் தப்பை முதல் நாளே நான் செய்து முடித்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தூக்க ஒரு வழி, கொத்தாக அள்ள ஒரு வழி, இன்னும் என்னென்னவோ வழிகள் அதனிடம் உண்டு. மெஷின் கிளம்பும்போது கொடுத்திருக்கும் உத்தரவுகளைப் பார்த்து அதுவே ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளும்; எதைப் பிடித்தது என்று யாரிடமும் மூச்சுவிடாது. நான் கோடவுனில் மூட்டை தூக்கிய காலத்தில் முதலாளி மாடி ஜன்னலிலிருந்து "ஏன்யா லேட்டு?" என்று கத்துவார். தள்ளுவண்டிச் சக்கரம் கழன்று, முதுகில் சுமக்கிறோம் என்று அவருக்கு யார் சொன்னது? அதே கதைதான். "இப்ப எந்த வழியில ஓடுற?" என்று டிரைவரைக் கேட்கவும், அது வாய் திறந்து பதில் சொல்லவும் ஒரு கருவியைத்தான் உங்கள் மகள் வடிவமைக்கிறாள். அன்றிலிருந்து எனக்கும் கேட்கும் நோய் பிடித்துவிட்டது. மகன் செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னைக்கு எந்த வழியா வந்தே?" என்கிறேன். "எதுக்குப்பா?" என்று முழிக்கிறான். இவனுக்கு அந்த டிரைவரே தேவலை.

கேள்வி சின்னது, சண்டையெல்லாம் பதிலில். அவளுடைய மேலதிகாரி பதில் நம்பராக வரட்டும் என்கிறார்: ஒன்று வந்தால் ஒவ்வொன்றாக, இரண்டு வந்தால் கொத்தாக. இவளோ, "சார், ஒவ்வொரு கம்பெனி டிரைவரும் நமக்குத் தெரியாத வழியெல்லாம் வெச்சிருக்கும். அதை எந்த நம்பர்ல அடைப்பீங்க? அதுவே தன் வாயால ஒரு வரி சொல்லட்டுமே" என்கிறாள். போன செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று முடிவானது. ஒப்புக்கொண்டால் உங்களைப் பார்க்க லீவு. இல்லாவிட்டால் பெட்டியை மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

ஓட்டிக் காட்டுவதற்கான மெஷின் எங்கள் கூடத்து மூலையில் இருக்கிறது. அது இரைகிற இரைச்சலில் மனிதன் கண் அயர முடியாது. அன்று காலையே கொத்தாக அள்ளும்படி அதற்கு உத்தரவெல்லாம் கொடுத்து வைத்தாள். மத்தியானம் உள்ளறையில் உட்கார்ந்து, ஆபீஸ்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் பார்த்திருக்க, அதைக் கேட்டாள். 'ஒவ்வொன்றாக' என்று பதில் வந்தது! அதிகாரி சிரித்த சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்டது. "உன் கருவியே உன்னைக் கவுத்துடுச்சேம்மா!" இவள் முகம் வெளுத்துப்போய் ஓடிவந்தாள்.

"மாமா, கரண்ட் போச்சா?"

"போச்சும்மா, நீ சாப்பிடப் போனப்ப."

வந்த வேகத்தில் உள்ளே ஓடிப்போய், "சார், கரண்ட் போயிருக்கு! மெஷின் புதுசா கிளம்பினதுல என் உத்தரவெல்லாம் அழிஞ்சிருக்கு. கருவி பொய் சொல்லல, நடக்கிறதைச் சொல்லுது!" என்றாள். பார்த்தால் அப்படியே. இந்த ஒரு வரி வராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார். லீவும் கிடைத்தது. இனிமேல் கரண்ட் போகாமலிருக்க டிரங்குப்பெட்டி அளவில் ஒரு பேட்டரியும் அனுப்பிவிட்டார்கள்.

சம்பந்தி, உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இதை எழுதாதேம்மா. எழுதுகிறாளே! சரி, வாக்கு வாக்குதான். அன்று இரைச்சல் தாங்காமல் சுவிட்சை அணைத்தவன் நான். ஒரு கண் அயர்ந்துவிட்டு மறுபடி போட்டேன்.

பேனா நின்றுவிட்டது. "மாமா! அப்பவே ஏன் சொல்லல?"

"கரண்ட் போச்சான்னுதானேம்மா கேட்டே? மெஷினுக்குப் போச்சு, போச்சுன்னேன். என்ன ஆச்சுன்னு கேட்டிருந்தா முழுசா சொல்லியிருப்பேனே."

என்னை அந்த மெஷினைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

எப்படியானாலும் வெள்ளிக்கிழமை உங்கள் மகள் வருகிறாள். எனக்கும் உங்கள் நடையைப் பார்க்க ஆசைதான். ஆனால் வீட்டையும் மெஷினையும் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டுமே, அதனால் நான் வரவில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (கைநாட்டு)

பின்குறிப்பு: அப்பா, இதை நானாக எழுதுகிறேன். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி மாமாவைக் கேட்டது என் தப்புதான். ஒரு மாதமாக ஆபீசில் இதற்காகத்தானே சண்டை போட்டேன்! கரண்ட் போனதாகக் கொடுத்த ரிப்போர்ட்டைத் திருத்தி, பேட்டரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே வெள்ளி இல்லை, ஞாயிறு. பெட்டியைப் பிரிக்கமாட்டேன். மாமாவையும் கூட்டிக்கொண்டே வருகிறேன், மெஷினோடு அவரைத் தனியாக விடுவதாக இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மட்டும் அவருக்குப் படுக்கை போட வேண்டாம்.