ஜிம்மியைத் தேற்ற நான் அவித்த தொண்டை இறைச்சி

"…எண்டால், அவன் மெலிய மெலிய நீங்கள் இன்னும் கூடப் போட்டிருக்கிறியள்?" என்றார் கிளிநொச்சியில் எங்கள் மிருக வைத்தியர், எங்கள் நாய் ஜிம்மியின் விலா எலும்புகளைத் தடவியபடி. அவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும்.

"ஓம் டொக்டர்," என்றேன் பெருமையாக.

ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் பிறகு நான் கண் திறந்து பார்ப்பதில்லை. ஸ்கந்தபுரத்தில் எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் குரைக்க ஜிம்மி ஒருத்தன்தான். அவனைக் கொழுக்க வைத்தே தீருவது என்று கிளம்பினேன். இறைச்சிக்கடையில் மாட்டின் தொண்டைத் துண்டுகளை நாய்க்கென்று ஒதுக்கித் தருவார்கள். எங்கள் சைவக் குசினிக்குள் அது நுழையக்கூடாது. ஆகவே வேலியோரம் அடுப்பு மூட்டி நானே அவிப்பேன்; அவித்த கையோடு கிணற்றடியில் தலைமுழுகுவேன். (மனைவி வதனியின் சட்டம்.)

"என்னண்ணை, உங்கட ஆக்களுக்குள்ள ஒவ்வொருநாளும் செத்தவீடோ?" என்று கேட்டார், நான் தினமும் முழுகுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்.

ஜிம்மி வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தான். இரைத்தான். படுக்காமல் முற்றத்தைச் சுற்றினான். தன் நிழலைப் பார்த்தே குரைத்தான்.

"பாரப்பா, என்ன உசார்!" என்றேன் வதனியிடம்.

"உசாரோ? நாய் எலும்பாப் போச்சு. உங்களுக்குக் கண் தெரியேல்லையே?" என்றாள் வதனி.

தெரிந்தது. அதனால்தான் துண்டுகளைக் கூட்டினேன். ஒருநாள் காலை அவன் எழும்ப மாட்டாமல் கிடந்தான். அவன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஓட்டோ பிடித்து ஓடினோம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் வைத்தியர் சொன்னார்: "தொண்டையோட மாட்டின்ர தைரொயிட் சுரப்பியும் சேர்ந்து வரும் ஐயா. அதுதான் இவன்ர உடம்பைப் போட்டு விரட்டுது. இன்னும் குடுத்தால் இருதயம் தாங்காது."

"நல்லா அவிச்சனான் டொக்டர்! தலையும் முழுகினனான்!"

"அவிச்சாலும் அது போகாது. முழுகினது நீங்கள்தானே, நாய் இல்லையே?"

அன்றோடு நிறுத்தினேன். சோறும், வேலியோரம் அவித்த மீனும்தான். ஜிம்மி அந்த அடுப்படியில் நின்று தொண்டைத் துண்டு கேட்டு அழுதான், நான் அசையவில்லை. (இதுவும் தீர்மானம்தான்!) மெல்ல மெல்ல அவனுக்கு உடம்பு பிடித்தது. வதனிதான் இன்றுவரை விடுகிறாள் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மெலிய விருப்பமெண்டால் இவற்ற கையால சாப்பிடுங்கோ," என்கிறாள்.

மறுபடி இரத்தம் பார்த்தபோது எல்லாம் சரி என்றார் வைத்தியர். நான் மெல்ல நழுவப் பார்த்தேன். அவர் கதவைத் திறந்து, வெளி வாங்குப் பலகையில் மெலிந்த நாயோடு இருந்தவரைக் கூப்பிட்டார்.

"உள்ள வாங்கோ அண்ணை. என்னத்தைப் போட்டால் நாய் மெலியுமெண்டு இந்த ஐயா விளக்கமாச் சொல்லுவார்."

சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.